நூற்றைம்பது எழுத்தில் ஒரு பிள்ளைப் பருவம்

ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் தேதியன்று அமெரிக்காவில் ஒரு விண்ணப்பப் படிவம் இணையத்தில் புதிதாகத் திறக்கப்படுகிறது. மாணவர்கள் 'காமன் ஆப்' என்று சுருக்கி அழைக்கும் அந்தப் பொது விண்ணப்பத்தை 1975ஆம் ஆண்டில் 15 தனியார் கல்லூரிகள் ஒன்றுகூடி ஏற்படுத்தியபோது, ஒரே பிள்ளை தன் பெயரையும் விலாசத்தையும் மதிப்பெண்களையும் கல்லூரிக்குக் கல்லூரி திரும்பத் திரும்ப எழுதி அனுப்பும் வீண் சிரமத்தைக் குறைப்பதுதான் பிரதான நோக்கமாயிருந்தது. இன்று 1,000க்கு மேற்பட்ட கல்லூரிகள் ஏற்றுக்கொண்டிருக்கும் அந்தப் படிவத்தில், பெற்றோர் விவரம், பள்ளி விவரம் ஆகிய சம்பிரதாயமான பகுதிகளைக் கடந்து உள்ளே சென்றால், வகுப்பறைக்கு வெளியே நீ என்னவெல்லாம் செய்தாய் என்று வினவுகிற ஒரு பக்கம் வரும். பெற்றோரும் பிள்ளைகளும் உறக்கமிழப்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தை முன்னிட்டுத்தான்.

படிவம் கேட்பது என்னவோ எளிய கேள்விதான். மொத்தம் 10 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் செயலின் வகையை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் வகித்த பொறுப்பை 50 எழுத்துக்குள்ளும், அமைப்பின் பெயரை 100 எழுத்துக்குள்ளும், செய்த காரியத்தை 150 எழுத்துக்குள்ளும் சொல்ல வேண்டும். 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை எந்தெந்த ஆண்டுகளில், வாரத்துக்கு எத்தனை மணி, வருஷத்துக்கு எத்தனை வாரம், கல்லூரியிலும் தொடர உத்தேசமா என்பவற்றையும் குறிக்க வேண்டும். இடைவெளியும் காற்புள்ளியும்கூட எழுத்தாக எண்ணப்படுவதால், 150 எழுத்தில் ஆங்கிலச் சொற்கள் இருபது இருபத்தைந்துக்கு மேல் அடங்குவதில்லை. ஏழு வயதில் வயலின் வில்லைப் பிடிக்கத் தொடங்கி, விரல் நுனிகள் காய்த்துப்போக, பள்ளி இசைக்குழுவின் கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்குப் படிப்படியாக முன்னேறி, தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் நிலைக்கும் வந்துவிட்ட ஒரு பெண், அந்தப் பத்து வருஷப் பிரயாசை முழுவதையும் ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். சொல்லுக்குச் சொல் காசு கட்டித் தந்தி கொடுத்த காலத்து மனிதர்களுக்கு இந்த வித்தை கைவந்திருக்கும். கைப்பேசியில் கணக்கின்றி எழுதித் தள்ளிப் பழகிய தலைமுறைக்கு அது பெரும் சோதனையாகவே இருக்கிறது.

நம் ஊர் வாசகருக்கு இந்த ஏற்பாடு விசித்திரமாகத் தோன்றினால் ஆச்சரியமில்லை. பொறியியல் கலந்தாய்வில் அரை மதிப்பெண் வித்தியாசத்தில் இடம் கைநழுவிப் போவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம்; விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டை நீக்கிப் பார்த்தால், பிள்ளை மாலை வேளையில் என்ன செய்தான் என்று எந்தக் கலந்தாய்வு அதிகாரியும் நம்மைக் கேட்டதில்லை. அமெரிக்காவிலும் எல்லாக் கல்லூரிகளும் இப்படித் துருவிப் பார்ப்பதில்லை. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளே அந்நாட்டில் அதிகம். பிரச்சினை எழுவது, வாசலில் கூட்டம் நெரிகிற சில டஜன் கல்லூரிகளில். 2023ஆம் ஆண்டு நுழைந்த வகுப்புக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வந்த விண்ணப்பங்கள் சுமார் 57,000. அழைப்புப் பெற்றவர்கள் 2,000 பேருக்கும் குறைவு. திருப்பி அனுப்பப்பட்டவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் தத்தம் பள்ளியில் முதலிடத்தில் நின்றவர்கள். மதிப்பெண்ணால் பிரிக்க முடியாத கூட்டத்தை வேறு எதைக் கொண்டாவது பிரித்துத்தானே ஆக வேண்டும் என்பது நிர்வாகஸ்தர்களின் சமாதானம். அந்தச் சமாதானத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வழக்கம் பிறந்த கதை வேறு.

குணம் பார்க்கும் வழக்கம்

அறிவோடு குணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது கேட்பதற்கு உயர்ந்த கொள்கையாகவே இருக்கிறது. 1902ஆம் ஆண்டில் காலமான செசில் ரோட்ஸ், ஆக்ஸ்போர்டில் தம் பெயரால் ஏற்பட்ட உபகாரச் சம்பளத்துக்குப் படிப்பு மாத்திரம் போதாது, ஆடுகளத்தில் ஈடுபாடும் தலைமைக் குணமும் வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்தார். அமெரிக்கச் சீமான் வீட்டுப் பிள்ளைகள் படித்த கல்லூரிகளிலும் அதே மனோபாவம்தான் நிலவியது. எனினும் அந்த மனோபாவம் விண்ணப்பப் படிவத்தில் கேள்விகளாக உருவெடுத்த சரித்திரம் அவ்வளவு கௌரவமானதன்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு முதலிய கல்லூரிகள் பெரும்பாலும் நுழைவுத் தேர்வைக் கொண்டே மாணவரைச் சேர்த்துக்கொண்டன. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள், வீட்டில் வறுமையும் தெருவில் ஏளனமும் இருந்தபோதிலும், அந்தத் தேர்வில் தாராளமாகத் தேறினார்கள். 1922ஆம் ஆண்டு வாக்கில் ஹார்வர்டின் மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர். அப்போது பல்கலைக்கழகத் தலைவராயிருந்த லாரன்ஸ் லோவல், அந்த விகிதத்தை 15 சதவீதத்துக்குள் நிறுத்திவிட விரும்பினார். வெளிப்படையான வரம்புக்கு எதிர்ப்புக் கிளம்பவே, அதைவிட நாசூக்கான உபாயங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, தந்தை பிறந்த ஊர் எது, குடும்பப் பெயரை எப்போதாவது மாற்றிக்கொண்டதுண்டா என்றெல்லாம் படிவம் கேட்கத் தொடங்கியது, புகைப்படமும் கேட்டார்கள். 1926ஆம் ஆண்டில் முதலாண்டு வகுப்புக்கு 1,000 பேர் என்று உச்சவரம்பு விதித்து, குணத்தையும் ஆளுமையையும் நிறுத்துப் பார்த்துப் பொறுக்கியெடுக்கும் அதிகாரத்தைச் சேர்க்கைக் குழுவினரிடம் ஒப்படைத்தபோது, கணக்கில் பிடிபடாத காரணத்தைச் சொல்லி ஒருவரை விலக்கும் சௌகரியமும் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. யூத மாணவர் விகிதம் சரிந்தது. இந்த வரலாற்றைப் பெர்க்லி நகரச் சமூகவியல் பேராசிரியர் ஜெரோம் காராபெல் 2005இல் வெளியிட்ட 'தி சோஸன்' என்னும் பெருநூலில், கல்லூரிகளின் பழைய கடிதங்களையே சாட்சிக்கு அழைத்து, விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்.

நோக்கம் மாறிய பின்னும் கருவி நிலைத்துவிடுவது உலகத்தில் சகஜம். குணத்தை அளப்பதற்கு ஏற்பட்ட அந்தக் கருவி இன்று எந்த வடிவில் இருக்கிறது என்பது, ஆசிய வம்சாவளி மாணவர்களுக்கு அநீதி இழைக்கப்படுவதாகக் கூறி 2014ஆம் ஆண்டில் ஹார்வர்டின்மீது தொடுக்கப்பட்ட வழக்கினால் வெளியே தெரியவந்தது. 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது, அதுவரை பூட்டிய அறைக்குள் இருந்த மதிப்பீட்டு முறை பகிரங்கமாயிற்று: படிப்பு, பாடப்புறச் செயல்பாடு, விளையாட்டு, தனிப்பட்ட குணம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை எண் இடுகிறார்கள், 1 என்பதே உச்சம். பாடப்புறச் செயல்பாட்டில் 1 வாங்குவதற்கு நாடு தழுவிய அளவிலோ தொழில்முறைக் கலைஞர் அளவிலோ சாதனை வேண்டும். பள்ளி மாணவர் தலைவர், பள்ளிப் பத்திரிகை ஆசிரியர் போன்றோருக்கு 2. கலந்துகொண்டார், விசேஷம் ஒன்றுமில்லை என்றால் 3. ஏறக்குறைய எதுவுமே இல்லையென்றால் 4. மிஞ்சிய 5, 6 ஆகிய இரண்டும் இந்த ஏணியில் கீழ்ப்படிகள் அல்ல. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வது செல்லாது என்று 2023 ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து அந்த வழக்கை முடித்துவைத்தது; பாடப்புறச் செயல்பாட்டைக் கணக்கில் கொள்வதை மட்டும் எவரும் தொடவில்லை.

கட்டத்துக்குள் எழுதுதல்

இனி, அந்தப் பக்கத்தை எப்படி நிரப்புவது என்ற லௌகிகமான விஷயத்துக்கு வருவோம். படிவத்தை வாசிப்பவர் யார் என்று முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. குளிர்காலத்து நாளொன்றில் பற்பல விண்ணப்பங்களைப் படித்தாக வேண்டிய கட்டாயத்திலுள்ள ஓர் உத்தியோகஸ்தர் அவர். ஒரு பிள்ளையின் முழுக் கோப்புக்கும் அவரால் ஒதுக்க முடிவது சில நிமிஷங்கள்தாம். செயல்பாட்டுப் பக்கத்தை அவருடைய கண் மேலிருந்து கீழாக ஒரே ஓட்டமாக ஓடிக் கடக்கும். ஆகவே வரிசை முக்கியம். தனக்கு எது முக்கியமோ அதையே முதலில் வைக்கும்படி படிவமும் சொல்கிறது. பெயர் பெரிதாயிருக்கிறதே என்பதற்காக, ஒரு கோடையில் இரண்டு வாரம் போய்வந்த பிரபல பல்கலைக்கழக முகாமை முதலிலும், நான்கு வருஷம் விடாமல் நடத்திய பள்ளிச் சதுரங்க மன்றத்தை ஆறாவதாகவும் வைக்கிற பிள்ளை, தன் சுபாவத்தைத் தானே மறைத்துக்கொள்கிறது.

ஒரு மாணவி மருத்துவமனையில் தொண்டு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'நோயாளிகளுக்கு உதவி செய்து, கருணையையும் தலைமைப் பண்பையும் கற்றுக்கொண்டேன்' என்று அவள் எழுதினால், அதே வாக்கியத்தை அந்த உத்தியோகஸ்தர் அன்று காலையிலேயே பலமுறை படித்திருப்பார். அவளே, 'சனிக்கிழமை காலை முதியோரைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றேன். ஸ்பானிஷ் மட்டும் அறிந்தவர்களுக்கு வழி சொன்னேன். புதிய தொண்டர் 8 பேரைப் பழக்கினேன்' என்று எழுதினால், அந்த வாயிற்கூடமும் அதில் அவள் நடமாடுவதும் படிப்பவர் கண்முன் வந்துவிடும். கருணை என்ற சொல்லை அவள் எழுதவேயில்லை. எழுதாதபோதுதான் அது அங்கே இருப்பதாக மற்றவர்களுக்குப் படுகிறது. வினைச்சொல்லும் எண்ணிக்கையும் உள்ள வாக்கியம் நம்பப்படும். குணவாசகங்களால் அலங்கரித்த வாக்கியம் சந்தேகத்தைக் கிளப்பும். 'நான்' என்பதை வாக்கியத்துக்கு வாக்கியம் எழுத வேண்டியதில்லை, ஆங்கிலத்தில் அதை விட்டுவிட்டு வினையிலேயே தொடங்குவதுதான் இந்தப் பக்கத்தின் வழக்கம். மேலே பொறுப்பு என்ற கட்டத்தில் 'தலைவர்' என்று எழுதியபின் கீழேயும் 'தலைவராயிருந்து' என்று தொடங்குவது, கிடைத்த 150 எழுத்தில் கொஞ்சத்தைக் கிணற்றில் போடுவதாகும்.

பதவிப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'நிறுவனர், தலைவர்' என்று போட்டுக்கொள்ளும் ஆசை இந்தத் தலைமுறைப் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டுகிறது. மூன்று நண்பர்கள் இரண்டு முறை கூடிக் கலைந்த மன்றத்துக்கும் ஒரு நிறுவனர் உண்டு. இருபது வருஷமாக நடந்துவரும் பள்ளி நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால் விளக்குகளைப் பொறுப்பேற்று நடத்தும் பிள்ளைக்குப் பதவியே கிடையாது. இவ்விருவரில் எவருடைய வரி வாசிப்பவரை நிறுத்தும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் பெற்றோரைக் கேட்டால் பெரும்பாலோர் நிறுவனருக்கே வாக்களிப்பார்கள்.

மணிக்கணக்கில்தான் பலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். இரவுக்கு 8 மணி நேரம் உறங்கினால் 56 போயிற்று, பள்ளிக்கூடத்தில் 35 போயிற்று, மிஞ்சுவது 77. சாப்பாடு, போக்குவரத்து, வீட்டுப் பாடம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். 10 செயல்களுக்கும் தலா வாரத்துக்கு 10 மணி, வருஷத்துக்கு 52 வாரம் என்று போட்டு அனுப்பும் பிள்ளை, தான் உறங்குவதில்லை என்றோ கணக்குத் தெரியாது என்றோ, இரண்டிலொன்றைத் தானே எழுதிக்கொடுத்ததாக ஆகிறது. பள்ளி ஆண்டே ஏறத்தாழ 180 நாட்கள்தாம், அதாவது 36 வாரம். பள்ளியை ஒட்டிய காரியம் எதுவும் பொதுவாக அதற்கு மேல் நீளாது. எழுதியதெல்லாம் உண்மை என்று விண்ணப்பத்தின் முடிவில் மாணவன் கையொப்பமிடுகிறான். பொய் வெளிப்பட்டால் கொடுத்த இடத்தையும் கல்லூரி திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தொகுதியில் சில விண்ணப்பங்களைக் குலுக்கல் முறையில் பொறுக்கியெடுத்து, சொன்ன செயலுக்கு ஆதாரம் கேட்கும் வழக்கமே உண்டு.

அந்தக் கலிபோர்னியாப் படிவம் காமன் ஆப்பைவிடத் தாராளமானது: 20 செயல்கள் வரை இடம், ஒவ்வொன்றுக்கும் 350 எழுத்து. தாராளம் பிள்ளைகளுக்கு அனுகூலமா என்பது வேறு கேள்வி. இருபது கட்டங்களைக் கண்டதும் இருபதையும் நிரப்பியே தீர வேண்டும் என்ற பதற்றம் வந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, காமன் ஆப்பில் சேராமல் தனிப் படிவம் வைத்திருக்கும் எம்.ஐ.டி. நான்கே நான்கு செயல்களைத்தான் கேட்கிறது. என் அபிப்பிராயத்தில் இந்த மூன்றில் மிகவும் மரியாதையான கேள்வி எம்.ஐ.டி. கேட்பதுதான். பதினேழு வயதில் ஒரு பிள்ளை உள்ளன்போடு நான்கு காரியங்கள் செய்திருந்தாலே அதிகம்.

சலங்கையும் விண்ணப்பமும்

அமெரிக்காவின் எடிசனிலும் ஃப்ரீமான்ட்டிலும் டல்லாஸ் புறநகர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசும் பாஷையே தனி. பிறந்தநாள் விருந்தில் பாயசக் கிண்ணத்தோடு நிற்கும் இரண்டு தகப்பன்மார், "உங்க பொண்ணுக்கு ஸ்பைக் என்னங்க?" "அதாங்க இன்னும் தெரியல, ரோபாட்டிக்ஸா டான்ஸான்னு யோசிக்கிறோம்" என்று பேசிக்கொள்வதைக் கேட்டால், ஏதோ நோய்க்குறி விசாரிக்கிறார்களோ என்று புதியவர் மயங்கக்கூடும். எல்லாவற்றிலும் சிறிது சிறிது தேர்ந்த பிள்ளையைவிட ஒன்றில் உச்சிக்குப் போன பிள்ளையையே பெரிய கல்லூரிகள் விரும்புகின்றன என்ற நம்பிக்கை பரவியபின், அந்த உச்சிக்கு வழங்கும் பெயர் ஸ்பைக்.

இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் போட்டிக் களத்தில் ஊன்றி நிற்பது புதிதல்ல. 1985ஆம் ஆண்டில் தேசிய ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டியில் பாலு நடராஜன் வென்றதிலிருந்து, அந்தப் பரிசுக் கோப்பை எங்கள் வீட்டுச் சொத்து என்று சொல்லத்தக்க அளவுக்கு அவர்கள் வென்று குவித்திருக்கிறார்கள். ஆனால் தமிழ் வீடுகளில் இதையெல்லாம்விட வேரூன்றியது வார இறுதித் தமிழ்ப் பள்ளியும் நாட்டியமும் பாட்டும்தான். 12ஆம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடையில் அரங்கேற்றம் வைப்பது அங்கே ஏறக்குறைய ஒரு நியதியாகிவிட்டது. தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வருவதற்குக் கோடை தோதானது என்பது ஒரு காரணம், இலையுதிர் காலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டும் என்பது சொல்லப்படாத மற்றொரு காரணம். இதில் குற்றமாக நான் எதையும் காணவில்லை. ஐந்து வயதில் தொடங்கிய பயிற்சி ஒரு நாள் மேடையேறத்தான் வேண்டும். அது செப்டம்பருக்கு முன்னால் ஏறினால் கலைக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் எழுதும் முறையில் நேருகிறது. 'பரதநாட்டியம், 12 வருஷம், அரங்கேற்றம் முடித்தேன்' என்று எழுதிவிட்டு, எல்லாம் சொல்லியாயிற்று என்று பெண்ணும் தாயும் திருப்தியடைகிறார்கள். அரங்கேற்றம் என்றால் அவர்களுக்கு விளங்கும். அயோவா மாநிலத்துச் சோள வயல்களுக்கிடையே வளர்ந்து கல்லூரி உத்தியோகத்துக்கு வந்த ஒருவருக்கு அது பள்ளி ஆண்டு விழா நடனத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் காட்டாது. பாட்டும் மிருதங்கமும் நட்டுவாங்கமும் உடனிருக்க, தான் ஒருத்தியாகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேடையை ஆண்டதையும், வர்ணம் ஒன்றே அரை மணிக்கு மேல் நீடித்ததையும், ஞாயிறுதோறும் குருவின் வகுப்பில் சிறுமியருக்கு அடவு கற்பிப்பதையும் அவள் சொன்னால், அதே 150 எழுத்துக்குள் இடமும் போதும், ஆளும் தெரிவாள். தமிழ்ப் பள்ளி விஷயமும் அப்படித்தான். 'தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியர்' என்பதைக் காட்டிலும், வீட்டில் ஆங்கிலமே பேசும் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு ழகரம் வர என்ன விளையாட்டு விளையாடினாள் என்பதை எழுதினால், அவளுடைய பொறுமைக்கு வேறு சான்று வேண்டாம்.

விலைக்கு வாங்கும் ஆர்வம்

எந்தப் படிவத்தில் எந்தக் கேள்வி கேட்டாலும், அதற்கான விடையை விற்பதற்கு ஒரு கடை திறக்கப்பட்டுவிடும். தனியார் சேர்க்கை ஆலோசகர்கள் 9ஆம் வகுப்பிலிருந்தே பிள்ளையை ஏற்றுக்கொண்டு, இன்ன கோடையில் இன்ன ஆராய்ச்சி, இன்ன வருஷத்தில் இன்ன தர்ம ஸ்தாபனம் என்று அட்டவணை போட்டுக்கொடுக்கிறார்கள். பணம் கட்டினால் ஒரு வழிகாட்டியையும், சில மாதங்களில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையையும், அதைப் பிரசுரிப்பதற்கு ஒரு சஞ்சிகையையும் பள்ளி மாணவனுக்கு ஏற்பாடு செய்துதரும் வியாபாரம் எப்படிச் செழித்திருக்கிறது என்பதை 2023ஆம் ஆண்டில் ப்ரோபப்ளிகா நிறுவனத்தின் செய்தியாளர்கள் விவரமாக எழுதினார்கள்.

இந்த வியாபாரம் சட்டத்தின் எல்லையை அப்பட்டமாகத் தாண்டிய சந்தர்ப்பமும் உண்டு. 2019 மார்ச் 12ஆம் தேதி, 'வார்சிட்டி ப்ளூஸ்' என்று பெயரிட்ட புலன்விசாரணையின் முடிவைப் பாஸ்டனிலுள்ள மத்திய அரசு வழக்குரைஞர்கள் வெளியிட்டார்கள். ரிக் சிங்கர் என்னும் ஆலோசகர், விளையாட்டுப் பயிற்றுநர்களுக்கு லஞ்சம் கொடுத்து, அந்த விளையாட்டையே அறியாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டிக் கல்லூரிகளில் நுழைத்திருந்தார். நடிகை லோரி லாக்லினும் அவருடைய கணவரும் 5 லட்சம் டாலர் கொடுத்து, தங்கள் இரு மகள்களையும் படகுப் போட்டி வீராங்கனைகளாகத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்கள். உடற்பயிற்சிக்கான துடுப்பு இயந்திரத்தின்மேல் அப்பெண்களை உட்காரவைத்து எடுத்த புகைப்படங்கள் அதற்குச் சாட்சியமாகப் பயன்பட்டன. பெற்றோர் இருவரும் 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆனால் லஞ்சம் கொடுத்தவர்களைத் தண்டித்துவிட்டதால் காரியம் நேராகிவிடவில்லை; லஞ்சம் கொடுக்காமலே நடப்பதுதான் பெரிது. டெல்லியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து ஹார்வர்டில் பொருளாதாரப் பேராசிரியராயிருக்கும் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, ஹார்வர்டு, ஸ்டான்போர்டு, எம்.ஐ.டி. உள்ளிட்ட 12 கல்லூரிகளின் சேர்க்கையை ஆராய்ந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் ஒரே அளவு மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குள், வருமானத்தில் உச்சியிலுள்ள 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளைகள் மத்தியதர வர்க்கத்துப் பிள்ளைகளைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அந்தக் கல்லூரிகளில் போய்ச் சேர்கிறார்கள் என்று கண்டார்கள். அதற்குச் சேர்க்கை முறையில் அவர்கள் கண்ட காரணம் மூன்று: முன்னாள் மாணவரின் பிள்ளை என்ற சலுகை, விளையாட்டு வீரர் என்ற அழைப்பு, மூன்றாவதாகப் பாடம் சாராத தகுதிக்கு இடப்படும் உயர்ந்த எண். பிற்கால வாழ்க்கையில் ஒருவர் எப்படி விளங்குவார் என்பதைப் படிப்பின் தரம் நன்றாகவே முன்கூட்டிக் காட்டுகிறது, இந்த மூன்றும் காட்டுவதில்லை என்பதுதான் அந்த ஆய்வின் கூர்மையான பகுதி. அதே ஆண்டில் ஜூலி பார்க் முதலிய ஆராய்ச்சியாளர்கள் காமன் ஆப் வழியே வந்த ஏறக்குறைய 60 லட்சம் விண்ணப்பங்களின் செயல்பாட்டுப் பக்கங்களைப் பரிசீலித்தபோதும், தனியார் பள்ளிப் பிள்ளைகளும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் அதிகச் செயல்களையும் அதிகத் தலைமைப் பதவிகளையும் குறித்திருந்தார்கள். படகும் குதிரையும் வாள்வீச்சும் கற்பிக்கும் பள்ளியில் படகும் குதிரையும் வாள்வீச்சும் எழுதத்தானே செய்வார்கள்?

கல்லூரிகளுக்கு இது தெரியாததன்று. ஹார்வர்டின் கல்வியியல் பிரிவிலிருந்து ரிச்சர்ட் வைஸ்போர்டு முதலானோர் 2016 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டு, விண்ணப்பத்தில் கேட்கும் செயல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், தூரதேசத்துக்குப் பறந்துபோய்ச் செய்யும் தொண்டைப்போலவே வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்கும் சம்பாதித்துக் குடும்பத்துக்குக் கொடுப்பதற்கும் மதிப்பளிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். பல கல்லூரிகளின் சேர்க்கை அதிகாரிகள் அதற்கு ஆதரவும் தெரிவித்தார்கள். காமன் ஆப்பில் பத்து இடங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

முன்னால் நிறுத்திவைத்த 5, 6 என்னும் எண்களுக்கு இப்போது வருகிறேன். ஹார்வர்டின் வாசிப்பு விதிகளில் 5 என்பது, வழக்கமான பாடப்புறச் செயல்களுக்குப் பதிலாகக் குடும்பப் பொறுப்பிலோ சம்பள வேலையிலோ கணிசமான நேரத்தைச் செலவிட்ட பிள்ளைக்கு இடுவது. 6 என்பது, உடற்குறை போன்ற விசேஷ காரணத்தால் எதிலும் கலந்துகொள்ள இயலாத பிள்ளைக்கு இடுவது. இரண்டும் தாழ்வைக் குறிப்பதில்லை. காமன் ஆப்பிலும், செயலின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில், விவாத மன்றத்துக்கும் நாட்டியத்துக்கும் சரிசமமாகக் 'குடும்பப் பொறுப்புகள்' என்றும் 'ஊதிய வேலை' என்றும் இரு வகைகள் இருக்கின்றன. ஆலோசகருக்குப் பணம் கட்டுவோரில் பெரும்பாலோருக்கு அவை தேவைப்படுவதில்லை. தேவைப்படுவோருக்கு அவை இருப்பதே தெரிவதில்லை.

மளிகைக் கடையில் மாலை ஆறிலிருந்து பத்து வரை கல்லாவில் நின்று, சனிக்கிழமை சரக்கிறக்கி, வாரத்துக்கு 20 மணி நேரம் உழைக்கும் பையன் அதை ஒரு செயலாகவே நினைப்பதில்லை. ஆங்கிலம் வராத பாட்டியை வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய், மருத்துவர் சொல்வதைத் தமிழிலும் பாட்டி சொல்வதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்லி, மருந்து வேளைகளை நினைவு வைத்திருக்கும் பெண்ணும் நினைப்பதில்லை. பள்ளியில் எவராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர்களுக்கு மேல் கூடாது என்று பரிந்துரைக்க, நாட்டுச் சராசரி 350ஐத் தாண்டி நிற்கிறது. அத்தனை பேருக்கிடையில், நீ மாலையில் வீட்டில் என்ன செய்கிறாய் என்று ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைத்துக் கேட்க அவருக்கு அவகாசம் ஏது? அடுத்தபடியாக, அதைச் சொல்லக்கூடியவர்கள் அந்தப் பிள்ளையின் தாய் தந்தையர்தாம். ஆனால் கடையில் நின்றதையும் பாட்டியைப் பார்த்துக்கொண்டதையும் கல்லூரிக்கு எழுதுவது கௌரவக் குறைவு என்று கருதி, வேண்டாம் என்று தடுப்பவர்களும் பெரும்பாலும் அவர்களாகவே இருக்கிறார்கள்.